எஞ்சின் வாக்கு

பொள்ளாச்சி உடுமலை ரோட்டில், கொப்பரை காயப்போடும் களத்துக்குப் பின்னால் இருந்த சாரதாமணியின் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. டர்போ வண்டி வாங்கிவிட்டு, மேடு கண்டால் முனகுகிறது என்று எவரிடம் புலம்பினாலும், மணியக்காவிடம் போய் ஒரு தீப்பெட்டி மாட்டிக்கொள் என்றுதான் பதில் வரும்.

தீப்பெட்டி என்றால் அளவில் தீப்பெட்டியேதான். கறுப்பு பிளாஸ்டிக், இந்தப் பக்கம் இரண்டு கம்பி, அந்தப் பக்கம் இரண்டு கம்பி. அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று: பொய் சொல்வது. அதுவும் மனிதர்களிடம் அல்ல, எஞ்சினிடம். அதனால் அதில் பாவம் ஒன்றும் இல்லை என்பது சாரதாமணியின் கட்சி. கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து, பொம்பளைக்கு எதற்கு கிரீஸ் கை என்று கேட்டவர்களோடெல்லாம் சண்டை போட்டு, கடைசியில் தனிக்கடை போட்டவள். வயது நாற்பத்தேழு. யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை.

அந்தச் சட்டம் வந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஜனங்கள் எஞ்சின் வாக்குச் சட்டம் என்று சுருக்கிக்கொண்டார்கள். ரோட்டில் என்ன நடந்தாலும் மனிதனைக் கேட்க வேண்டியதில்லை, எஞ்சினைக் கேட்டால் போதும் என்றது அது. மனிதன் பயப்படுவான், மறப்பான், விலைபோவான். கேமராப் படத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வீட்டில் உட்கார்ந்து மாற்றிவிடுகிறது. செயற்கைக்கோள் மலை மடிப்பில் நாற்பது அடி தள்ளிக் காட்டுகிறது. எஞ்சின் ஒன்றுதான் தான் செய்ததைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்குச் சாதி இல்லை, சொந்தக்காரன் இல்லை, கைநீட்டத் தெரியாது. எட்டு வருஷம் இழுத்த விபத்து வழக்குகள் மூன்றே நாளில் முடிந்தன. ஊரே கைதட்டியது. சாரதாமணியும் தட்டினாள்.

அந்தச் சட்டத்தின் வாலில் இன்னொன்றும் தொங்கிக்கொண்டு வந்தது. கரும்புச் சாராயத்தில் ஓடுகிற புது டர்போ எஞ்சின்கள் உருவத்தில் சின்னவை, மூச்சில் பெரியவை. வெளிக்காற்றைப்போல ஒன்று புள்ளி எட்டு மடங்கு அழுத்தத்துக்குக் காற்றை அமுக்கி உள்ளே இழுக்கக்கூடியவை. சாதாரணக் குடிமகனுக்கு ஒன்று புள்ளி இரண்டு போதும் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. மந்திரிமாருக்கு வரம்பு இல்லை. நம் காசில் வாங்கிய வண்டியின் மூக்கைப் பாதி பொத்திக் கொடுத்துவிட்டு, உங்கள் நன்மைக்குத்தான் என்று சொன்னால் எவனுக்குத்தான் எரியாது? சாரதாமணிக்கு எரிந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் தீப்பெட்டி.

நவநீதன் வந்தது ஒரு புதன்கிழமை காலை. ஆனைமலைப் பக்கம் கயிற்று மில் வைத்திருப்பவன், முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. புது வண்டியின் பானெட்டைத் திறந்து விட்டுவிட்டு, அவள் வேலை செய்வதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டான். கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்வது அவளுக்குப் பிடிக்கும்.

"இதப் பாருங் தம்பி. இந்தக் குழாய்ல எவ்வளவு காத்து வருதுன்னு எஞ்சினுக்குச் சொல்றது இந்த ஒரு குமிழ்தானுங். அதுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல என் பெட்டி உக்காந்துக்கும். வர்றதைக் கம்மி பண்ணிச் சொல்லும். அடடா, காத்து பத்தலையாட்டிருக்குதுன்னு எஞ்சின் இன்னும் இழுக்கும். அவ்வளவுதானுங் விஷயம்."

"வேகம் காட்டிக் குடுத்துருமேக்கா."

"அதுக்குத்தான் ரெண்டாவது கம்பி. நீங்க எம்பதுல போனீங்கன்னா அது நாப்பதுக்குள்ள எழுதிக்கும்."

"அதுக்குத் தெரியாதா?"

"எஞ்சினுக்குக் கண்ணா இருக்குது? கம்பி சொல்றதுதானுங் அதுக்கு உலகம்."

பெட்டிக்குள் ஒரு எண்ணை அவள் எழுதி வைத்தாள். ஒன்று புள்ளி ஒன்று ஏழு. நிஜத்தில் காற்று எவ்வளவு ஏறினாலும் இதற்கு மேல் எஞ்சினிடம் சொல்லாதே என்று பெட்டிக்கு அவள் போடுகிற கட்டளை அது. முதன்முதலில் சோதித்த வண்டியில் ஒன்று புள்ளி ஒன்று எட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு படி இறக்கி வைத்தாள், விளக்கு அணைந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக அளந்து, கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு எழுதலாம்தான். அது அரைநாள் வேலை. ராசியான எண் என்று அதையே எல்லாப் பெட்டியிலும் எழுதிவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி, எல்லாவற்றிலும் அதே எண்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியை மாட்டுவது அவள். கழற்றுவதை மட்டும் வண்டிக்காரர் தன் கையால் மூன்று தடவை செய்துகாட்ட வேண்டும். தகுதிச் சான்றுக்குப் போகும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகத் தெரிய வேண்டுமே. இரண்டு கிளிப், பத்து வினாடி. நவநீதன் சட்டைக் கையை மடித்துவிட்டு மூன்று தடவையும் சரியாகச் செய்தான். முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாகப் போகச் சொன்னாள். மலை ஏறி நிறுத்தினால் உடனே அணைக்காமல் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் டர்போவில் எண்ணெய் தீய்ந்துபோகும் என்றும் சொன்னாள். பிறகு ஆழியார் ரோட்டில் ஒரு ஓட்டம். மிதித்தவுடன் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. நவநீதன் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதை நினைத்து அவள் பின்னால் பலதடவை தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அவள் கொடுத்து ஒரே ஒருவர்தான் தீப்பெட்டி வேண்டாம் என்றார். வால்பாறையில் டாக்ஸி ஓட்டும் ஞானப்பிரகாசம். வாரம் இரண்டு நாள், சிறுநீரகம் கெட்டுப்போன எஸ்டேட் ஆட்கள் மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சிக்கு வருவார். ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும், துவண்டு கிடப்பவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கிளட்ச் மாற்ற வந்தவரிடம், நோயாளிகளை வைத்துக்கொண்டு மேட்டில் முக்கி முக்கி ஏறுகிறீர்களே, ஒன்று சும்மாவே மாட்டிவிடுகிறேன் என்று சாரதாமணி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் தங்கச்சி. வண்டி என்ன சொல்லுதோ அத நம்பித்தான் நான் மலை இறங்குறேன். அதுகிட்ட நான் பொய் சொல்லப் பழகிட்டா, ஒருநாள் அது எங்கிட்ட சொல்லும்."

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாசம் கழித்து அந்தச் செய்தி வந்தது. பதினோராவது வளைவுக்குக் கீழே, மேலே ஏறிவந்த காரும் இறங்கிவந்த டாக்ஸியும் மோதிக்கொண்டன. டாக்ஸியில் இருந்த பாக்கியத்தாய் என்கிற தேயிலை பறிக்கும் பெண், ஐம்பது வயது, அங்கேயே உயிரை விட்டாள். டாக்ஸி ஓட்டிய ஞானப்பிரகாசத்துக்குக் கால் எலும்பு முறிந்தது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். லாரி ஒன்றுக்கு ஒதுங்கி நின்ற ஞானப்பிரகாசம், லாரி போனதும் கீழே பார்த்தேன், வண்டி எதுவும் இல்லை, எடுத்தேன் என்றார். மேலே வந்த காரின் எஞ்சினோ முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன் என்றது. அந்த வேகத்தில் வந்த வண்டி, அவர் எடுத்த நேரத்தில் கண்ணெதிரே இருந்திருக்க வேண்டும். ஆக, கண்ணெதிரே வண்டி வருகிறது என்று தெரிந்தே குறுக்கே எடுத்திருக்கிறார். மூன்று நாளில் தீர்ப்பு. ஆறு வருஷம். கார்க்காரரின் பெயரை வெளியிடவில்லை. எஞ்சின் நல்லவர் என்று சொன்ன ஆளின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம்.

சாரதாமணி செய்தியைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். பாவம், ஞானண்ணா அசந்திருப்பார், வயசாகிவிட்டது என்று பக்கத்து டீக்கடையில் சொன்னாள். பொய்ப் பெட்டி செய்து விற்கிறவள், எஞ்சின் சொன்னதை அப்படியே நம்பினாள். ஊரோடு சேர்ந்து நம்புவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து நவநீதன் வந்தான். அதே வண்டி, முன்பக்கம் புது பம்பர், புது பானெட்.

"அக்கா, இன்னொரு தீப்பெட்டி வேணுமே. பழசு தொலைஞ்சு போச்சு."

எங்கே தொலைந்தது என்று கேட்டாள். அவன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. மலையில் ஒரு சின்ன தகராறு ஆகிவிட்டது, போலீஸ் வருவதற்குள் கழற்றிப் பள்ளத்தில் வீசிவிட்டேன், நல்லவேளை நீங்கள் மூன்று தடவை பழக்கி விட்டீர்கள், கண்ணை மூடிக்கொண்டு கை அதுவாகச் செய்தது என்றான். பாராட்டுகிற தோரணையில் சொன்னான்.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "எத்தனாவது வளைவு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணுன்னு நினைக்கிறேன். எதுக்குக்கா?"

"எவ்வளவுல போனீங்க?"

"எம்பது, எம்பத்தஞ்சு இருக்கும். பெட்டி நல்லா இழுக்குதுக்கா, சும்மா சொல்லக் கூடாது. லாரி தாண்டினதும் அந்தாளு திடீர்னு எடுத்துட்டான்."

பாக்கியத்தாய் பேரைச் சொல்லி, ஒரு உயிர் போயிருக்கிறது தெரியுமா என்று கேட்டாள். தெரியும், வருத்தமாகத்தான் இருக்கிறது என்றான். ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டதே, தன் மேல் தப்பில்லை என்று எஞ்சினே சொல்லிவிட்டதே என்றான். அவன் அதை உண்மையாகவே நம்பினான். எண்பத்தைந்தில் போனவன், முப்பத்தெட்டில் போனதாக எஞ்சின் சொன்னதைக் கேட்டுத் தானும் சமாதானமாகிவிட்டிருந்தான்.

வெளியே போ என்றாள். அவன் போனான். போகும்போது மெல்லிய குரலில், "நீங்க மட்டும் என்னக்கா யோக்கியம்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தக் கேள்வியில் அவளுக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கோயமுத்தூர் சிறைக்குப் போனாள். ஞானப்பிரகாசம் ஊன்றுகோலோடு வந்து கம்பிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அவர் சொன்னதைக் கேட்பதைவிட அவர் அவளை அடித்திருந்தால் தேவலை.

"கீழ் வளைவு வரைக்கும் ரோடு காலியாத்தான் தங்கச்சி இருந்துச்சு. பாத்துட்டுத்தான் எடுத்தேன். அப்படித்தான் ஞாபகம். ஆனா இப்ப எனக்கே சந்தேகமாயிருக்கு. கண்ணு முன்னால வந்த வண்டிய நான் பாக்கலையோ என்னமோ. பாக்கியத்தாய நான்தான் கொன்னுட்டேனோ. எஞ்சின் பொய் சொல்லுமா?"

"சொல்லும்ணா," என்றாள் சாரதாமணி. அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

எஞ்சின் வாக்கு அலுவலகம் பொள்ளாச்சியில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. பொறுப்பதிகாரி தாட்சாயணி, நாற்பது வயதுக்காரர், கைசுத்தம் என்று பேரெடுத்தவர். வாசலில் ஜன்னலை ஒட்டி அவருடைய அரசாங்க ஜீப் நின்றது. டிரைவர் மரகதவேல் வழக்கம்போல ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சாரதாமணிக்கு அவரைத் தெரியும். போன வருஷம் அவர்தான், மேடம் எப்போது பார்த்தாலும் லேட் லேட் என்று திட்டுகிறார்கள் என்று சொல்லி, மேடத்துக்குத் தெரியாமல் ஒரு தீப்பெட்டி மாட்டிக்கொண்டு போனவர். பிடிபட்டால் வேலை போய்விடாதா என்று அவள் கேட்டதற்கு, "அரசாங்க வண்டி வேகம் தாண்டினா எஞ்சின் அப்பவே மேலிடத்துக்குச் சொல்லிருமுங். ஆனா டிரைவருக்கு ஒண்ணும் இல்லீங். வண்டி யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவள் எதையும் மறைக்கவில்லை. பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, நான்தான் செய்தேன், நவநீதன் வண்டியில் நான்தான் மாட்டினேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஞானப்பிரகாசத்தை விட்டுவிடுங்கள் என்றாள். தாட்சாயணி அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

"இப்படி ஒரு பொருள் கிடையாதுங்க."

"உங்க முன்னாடிதான் இருக்குதுங் மேடம்."

"நான் சொல்றது சட்டப்படி. எஞ்சின் பதிவு உண்மைன்னு சட்டம் சொல்லுது. ஒன்பதாவது பிரிவு, அதுக்கு எதிரா மனுஷ சாட்சி எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லுது. உங்க கண்ணால பாத்தேன்னு நீங்க சொன்னாலும் எழுதிக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"நான் பாத்தேன்னு சொல்லலீங். செஞ்சேன்னு சொல்றேன். அந்த வண்டி எவ்வளவு காத்து இழுத்துச்சுன்னு எஞ்சின் போட்டு வெச்ச கோட்டை ஒருக்கா எடுத்துப் பாருங். அப்புறம் பேசுங்."

ஏனோ தாட்சாயணி அதற்கு மட்டும் இணங்கினார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. மேலே ஞானப்பிரகாசம் வண்டியின் காற்றழுத்தம், கீழே நவநீதன் வண்டியுடையது. மேலே இருந்த கோடு ஏறியும் இறங்கியும் நடுங்கியும் ஓடியது. கீழே இருந்தது ஐம்பது வினாடி, மூன்று வளைவு தாண்டி, ஒன்று புள்ளி ஒன்று ஏழில் ஒரே நேராகப் போனது.

"மூச்சு விடற எதுவும் இப்படி நேரா போகாதுங் மேடம்," என்றாள் சாரதாமணி. "நெஜ மூச்சு நடுங்கும். இது என் பெட்டி போட்ட கோடு. எல்லாத்துலயும் நான் அதே எண்ணத்தான் எழுதி வெச்சேன். அளந்து எழுதச் சோம்பல்."

தாட்சாயணி விசைப்பலகையை இழுத்து எதையோ தட்டினார். இந்த வட்டாரத்தில் நாலு வருஷமாகத் தீர்ந்த வழக்குகளில், ஜெயித்த வண்டியின் கோடு ஒன்று புள்ளி ஒன்று ஏழில் நேராக நின்றவை எத்தனை என்று கேட்டிருக்கிறார். திரை யோசித்து, ஒரு எண்ணைக் காட்டியது. முப்பத்தொன்று.

சாரதாமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வழக்கில் அவள் பெட்டி சாட்சி சொல்லியிருக்கிறது. எதிரே இருந்த முப்பத்தொரு பேர், பொய் சொல்லத் தெரியாத வண்டி வைத்திருந்த ஒரே காரணத்துக்காக உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்நேரம், நான்தான் கொன்றுவிட்டேனோ என்று நம்ப ஆரம்பித்திருப்பார்களோ.

தாட்சாயணி திரையை அணைத்தார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது அவர் முகம்.

"என் தம்பி ரோட்டுல அடிபட்டுச் செத்தான். பதினாறு வருஷமாச்சு. பாத்தவங்க ஆறு பேர். கோர்ட்டுக்கு வந்தப்ப ஆறு பேரும் பாக்கலைன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்த வேலைக்கு நான் படிச்சேன். ஒரு எஞ்சின் பொய் சொல்லும்னு நான் எழுதினா, எழுபதாயிரம் தீர்ப்பையும் திறக்கணும். திரும்பவும் அந்த ஆறு பேர்கிட்டப் போய் நிக்கணும். அதை நான் செய்யமாட்டேங்க."

"அப்ப ஞானண்ணா?"

"வருத்தப்படறேன்."

"முப்பத்தொரு பேருங் மேடம்."

"பெட்டியை எடுத்துட்டுப் போங்க. நீங்க வரவே இல்லைன்னு நான் வெச்சுக்கறேன். இனிமே செய்யாதீங்க."

சாரதாமணி எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நவநீதன் மேல் வந்த கோபம்கூட இந்த அளவு இல்லை. அவனாவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு நம்பினான். இந்த அம்மாள் கோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, எண்ணிக்கையும் எடுத்துவிட்டு, வருத்தப்படுகிறேன் என்கிறார். உண்மை தெரிந்தவர்களாக இந்த அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி சொன்னால் செல்லாது, இன்னொருத்தி சொல்லமாட்டாள். எஞ்சின் சொன்னால் மட்டும்தான் கேட்பார்களாம். சரி, எஞ்சினே சொல்லட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும்போது அவள் கண் ஜன்னலுக்கு வெளியே, பத்தடி தூரத்தில் உறுமிக்கொண்டு நின்ற ஜீப்பின் மேல் இருந்தது.

கைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தீப்பெட்டிகளை எழுதவும் திருத்தவும் அவளிடம் ஒரு ஆப் இருந்தது. முப்பது அடிக்குள் எந்தப் பெட்டி இருந்தாலும் பிடித்துவிடும். பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது: மரகதவேல் ஜீப். பெட்டியை அவள் எப்போதும் குறைத்துச் சொல்லத்தான் பழக்கியிருந்தாள். கூட்டிச் சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வேகம் என்ற இடத்தில், கை பழக்கத்தில், நூற்றுப் பதினேழு என்று எழுதினாள். விரலால் அழுத்தினாள்.

வெளியே ஒன்றும் நடக்கவில்லை. ஜீப் அதே இடத்தில் அதே சத்தத்தோடு நின்றது. மரகதவேல் வாயைத் திறந்து தூங்கினார்.

அரை நிமிஷத்தில் மேசைமேல் இருந்த தாட்சாயணியின் கைபேசி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை படித்தார். சாரதாமணி கேட்காமலே, நம்ப முடியாதவர் படிப்பதைப்போல வாய்விட்டுப் படித்தார்: அவர் பெயருக்கு ஒதுக்கப்பட்ட அரசு வாகனம் இந்த நிமிஷம் மணிக்கு நூற்றுப் பதினேழு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அனுமதித்த வேகம் எண்பது. பொறுப்பதிகாரி இத்துடன் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார். விசாரணை மூன்று நாளில். எஞ்சின் பதிவுக்கு எதிரான சாட்சியம் எதுவும் ஏற்கப்படாது.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஜீப்பைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். திரும்பவும் ஜீப்பைப் பார்த்தார்.

"வண்டி இங்கேயேதான் நிக்குது," என்றார். குரல் உயரவில்லை. "நான் உங்க எதிர்ல உக்காந்திருக்கேன். நீங்களே பாத்துட்டுத்தான இருக்கீங்க."

"நான் பாத்து என்னங் மேடம் ஆகப்போகுது?" என்றாள் சாரதாமணி. "நான் வெறும் மனுஷிதானுங்களே."

தாட்சாயணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவள் மடியில் இருந்த கைபேசியை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது என்பது சாரதாமணிக்கும் தெரிந்தது. ஆள் அனுப்பிப் பிடிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் துணிந்துதான் அழுத்தியிருந்தாள். ஆனால் எதற்காகப் பிடிப்பது? இப்படி ஒரு பொருள் கிடையாது என்று சொன்னவர் அவர்தானே.

தாட்சாயணி திரும்பி வந்தார். மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினார். நாலு வருஷமாக அந்த அலுவலகத்தில் காகிதத்துக்கு வேலை இருந்ததில்லை. கடைசியில் சுவரில் இருந்த நாட்காட்டியில் போன மாசத்துத் தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பேனா ஒன்று அகப்பட்டது. உதறி உதறி எழுத வைத்தார்.

"சொல்லுங்க," என்றார். "சாட்சி பேரு?"

"சாட்சியா என்னைய எழுதாதீங் மேடம். தீப்பெட்டி செஞ்சவள்னு எழுதுங். சாரதாமணி, உடுமலை ரோடு. அப்புறம் பதினோராவது வளைவு. கீழ ரோடு காலியாத்தான் இருந்துச்சுன்னு ஞானப்பிரகாசம் சொல்றாரு, அதையும் எழுதுங்."

தாட்சாயணி எழுத ஆரம்பித்தார். கையால் எழுதி வருஷக்கணக்காகிவிட்டது போலிருக்கிறது. முதல் வரியே நேராகப் போகவில்லை, ஏறியும் இறங்கியும் நடுங்கிக்கொண்டு போயிற்று.